நுரை நிற்கவில்லையா? முதலில் பாலைச் சோதியுங்கள்

கேள்வி: பேட்டரியில் ஓடும் சின்ன மில்க் ஃப்ராதர் ஒன்றை மலிவாக வாங்கினேன். காபிக்குப் பால் அடித்தால் நுரை நன்றாகவே எழும்புகிறது. ஆனால் கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் அமுங்கிவிடுகிறது. கருவி மட்டமானதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நுரை எழும்புகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பாலுக்குள் காற்றைப் புகுத்துவதுதான் அந்தக் கருவியின் வேலை, அதை அது செய்துவிட்டது. புகுந்த காற்றைப் பிடித்து வைப்பது பாலிலுள்ள புரதம். ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் அது மெல்லிய தோலாகப் படிகிறது. அந்தத் தோல் கிழிந்தால் நுரை அமுங்கும். அதனால் என் முதல் சந்தேகம் பால் மீதுதான்.

இதை வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். இறுக மூடக்கூடிய ஒரே மாதிரி கண்ணாடி ஜாடி இரண்டு எடுங்கள். ஒன்றில் நீங்கள் பயன்படுத்திவரும் பால், மற்றதில் அதே வகையில் புதிதாகத் திறந்த பால். இரண்டும் ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில், ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருக்கட்டும். அரை நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். (சூடான பாலை மூடிக் குலுக்க வேண்டாம், அழுத்தத்தில் மூடி தெறிக்கும்.) பழைய பாலின் நுரை முதலில் அமுங்கினால் கருவி மீது பழி போட வேண்டியதில்லை. பால் இருக்க இருக்க அதன் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன. அவை குமிழியின் மேலிருந்து புரதத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பால் கெட்டிருக்காது, ருசியிலும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் நுரை நிற்காது. சரியாக அலசாத கோப்பையில் ஒட்டியிருக்கும் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் இதையேதான் செய்யும்.

அடுத்தது சூடு. 20 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்புதான் நுரைக்கு ஆகாத இடம். அந்தச் சூட்டில் பால் கொழுப்பு பாதி கெட்டியாகவும் பாதி உருகியும் இருந்து குமிழிகளை உடைக்கும். ஒன்று, நல்ல குளிர்ச்சியாக அடியுங்கள். இல்லையென்றால் 55 முதல் 65 டிகிரிக்குள் அடியுங்கள். 70 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சிய வாடை ஏறிவிடும். இந்தக் கைக்கருவி பாலைச் சூடாக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மிதமாகச் சூடாக்கிய பாலைக் குளிர்ந்த கோப்பையில் ஊற்றி அடித்தால், அடித்து முடிப்பதற்குள் அது அந்த ஆகாத வெதுவெதுப்புக்கே இறங்கிவிடும். கோப்பையில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு அப்புறம் பாலை ஊற்றுங்கள். உங்கள் வீட்டில் இது ஒன்றே போதுமானதாக இருக்கலாம்.

பால் சரிதான் என்று தெரிந்த பிறகு கருவிக்கு வாருங்கள். காற்றில் சுழல விட்டுப் பார்த்து வேகத்தை எடைபோடாதீர்கள்; சுமை இல்லாதபோது எல்லா மோட்டாரும் விர்ரென்றுதான் ஓடும். பாலுக்குள் விட்டதும் சத்தம் சற்று இறங்கி ஒரே சீராக நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் பேட்டரியை மாற்றுங்கள். இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் இரண்டு ஏஏ செல்கள் இருக்கும். அல்கலைன் செல் என்றால் இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை என்றால் 2.4 வோல்ட்தான். விலை குறைந்த ஜிங்க்-கார்பன் செல்கள் சுமை ஏறியதும் சட்டென்று தளர்ந்துவிடும். புது அல்கலைன் செல் போடாமல் கருவியைப் பற்றித் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

அப்புறம் கம்பி. கருவியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, ஒரு நொடி மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். கம்பி நேராக இருந்தால் சுழலும்போதும் ஒரே கோடாகத் தெரியும். வளைந்திருந்தால் நடுவில் அகன்று மங்கலாகத் தெரியும், கைப்பிடியும் அதிரும். கருவியைத் திருப்பிக் கொடுக்க இதை நான் நியாயமான காரணமாக எடுத்துக்கொள்வேன். கம்பி கைப்பிடிக்குள் நுழையும் இடம் தளர்ந்து ஆடினாலும் அப்படியே, பால் உள்ளே இறங்கி மோட்டாரைக் கெடுத்துவிடும்.

அடிக்கும் முறையையும் பாருங்கள். பாலுக்குள் இறக்கிய பிறகே பொத்தானை அழுத்துங்கள். முதலில் கம்பி நுனியிலுள்ள சுருள் பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், காற்று புகும். நுரை ஏறியதும் ஆழத்துக்குக் கொண்டுபோனால் பெரிய குமிழிகள் சிறிதாக உடையும். எல்லோரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். பெரிய குமிழிகள் சீக்கிரம் வெடிக்கும், அதனால்தான் அந்த நுரை நிற்பதில்லை. பாதாம் பாலில் புரதம் குறைவு, சோயாப் பால் அதைவிட நன்றாக நுரைக்கும்.

கடைசியாக, நேர்ச்சுவர் உள்ள கண்ணாடித் தம்ளரில் அடித்து, நுரையின் உச்சியை வெளியே பேனாவால் குறித்து, 5 நிமிடம் விடுங்கள். அடியில் கொஞ்சம் பால் வடிந்து சேர்வது இயல்பு. உச்சி பெரும்பாலும் குறித்த இடத்திலேயே இருந்தால் கருவி நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பால், புது செல், சூடான தம்ளர் எல்லாம் இருந்தும் பாதிக்குக் கீழே சரிந்தால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள்.