பெல் ஹவுசிங் அடியில் சொட்டுவது எந்த ஆயில்?
காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் பெல் ஹவுசிங் என்ற கூட்டின் அடியில் சொட்டுகிறது, எந்த ஆயில் என்று தெரியவில்லை என்றால், உடனே கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள். ராத்திரி அடியில் வெள்ளை அட்டை போட்டு வையுங்கள். பழுப்போ கறுப்போ என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். சிவப்பு பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடையது. அப்போது டார்க் கன்வர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சீலைச் சந்தேகிக்கலாம். கந்தக நாற்றம் அடித்தால் மேனுவல் கியர் ஆயில்.

இன்ஜின் ஆயில்தான் என்றால், ரியர் மெயின் சீலை (கிராங்க்ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் சீல்) பழிக்கும் முன் மேலே பாருங்கள். இன்ஜினின் மேல்மூடியான வால்வ் கவரின் கேஸ்கெட் கசிந்தாலும் இன்ஜினின் பின்பக்கமாக வழிந்து அதே இடத்தில்தான் சொட்டும். டிகிரீசரால் நன்றாகக் கழுவி, ஆயிலில் யுவி டை (புற ஊதா ஒளியில் மினுங்கும் சாயம்) கலந்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு யுவி டார்ச் அடியுங்கள். மினுங்கும் கோட்டின் மேல்முனைதான் கசிவின் ஊற்று.

பிசிவி வால்வையும் (கிராங்க்கேஸ், அதாவது இன்ஜினின் அடிக்கூட்டில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) பாருங்கள். அது அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி, புது சீலும் ஒழுகும்.