சென்னையின் கலை, பழைய கட்டடங்கள், காட்டுயிர்கள் மூன்றையும் நடந்தே பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்கலாம்?

முடியும். ஆனால் ஒரே நாளில், ஒரே நடையில் முடியாது. எழும்பூரில் கிளம்பிப் பெசன்ட் நகர் வரை நடந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் வெயிலும் போக்குவரத்துப் புகையும்தான் மிஞ்சும். நகரைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்குள் நடை; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயில் அல்லது பஸ். இதைவிட முக்கியமான ஒன்று, சென்னையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேளை உண்டு. கடற்கரைச் சாலைக்கு விடிகாலை, அருங்காட்சியகத்துக்கு உச்சிவேளை, முகத்துவாரத்துக்குச் சாயங்காலம், ஆமைகளுக்கு நடுநிசி. வேளை தவறிப் போனவர்கள்தான் "சென்னையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

மெரினாவிலிருந்து தொடங்குவேன். பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கினால் சில நிமிடங்களில் கடற்கரைச் சாலை வந்துவிடும். ஐந்தரை மணிக்கு அங்கே இருங்கள். உழைப்பாளர் சிலையை எல்லோரும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர். கால்நடையாகப் போய் அதை ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் புரட்டப் போராடுகிறார்கள். முன்னாலிருந்து பார்த்தால் பாறைதான் பெரிதாகத் தெரியும். பின்பக்கம் போனால் முதுகுகள் தெரியும். தோளில் தொடங்கிய அழுத்தம் இடுப்பு வழியாகக் குதிகால்வரை இறங்குவது தெரியும். கடலுக்கு மேலே எழும் வெளிச்சம் அந்த முதுகுத் தசைகளில் பக்கவாட்டாக விழும் அரை மணி நேரத்தில் பார்த்தால்தான் சிற்பி என்ன நினைத்து அதைச் செய்தார் என்பது புரியும்.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். 1929 முதல் 1957 வரை அப்பொறுப்பில் இருந்தார். சிலை நிறுவப்பட்டது 1959இல். அதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் முன்பு, 1923 மே முதல் நாள், சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியது இதே சென்னைக் கடற்கரையில்தான். அந்த மணலில் உழைப்புக்கு ஒரு சிலை நிற்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. தெற்கே நடந்தால் அதே கை வடித்த காந்தி சிலை வரும். அந்தக் காந்தி உட்கார்ந்திருப்பவர் அல்லர். தடி ஊன்றி நடக்கிறவர்.

உழைப்பாளர் சிலைக்கு எதிரே பல்கலைக்கழக செனட் மாளிகை. கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்து 1879இல் கட்டி முடிக்கப்பட்டது. அவரும் அந்த ஓவியப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர் என்பதை நினைத்தபடி பார்த்தால், ஒரே பள்ளியின் இரண்டு தலைவர்கள் இருவேறு காலங்களில் சாலையின் இரு பக்கமும் எதிரெதிரே கையெழுத்திட்டிருப்பது தெரியும். இன்னும் தெற்கே வட்ட முகப்புடன் நிற்பது விவேகானந்தர் இல்லம். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது அது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். ஔவை, கண்ணகி, பாரதி, பாரதிதாசன், கால்டுவெல், போப் என்று வழிநெடுக நிற்கும் சிலைகளில் பெரும்பாலானவை 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வந்தவை. அவற்றைப் பற்றித் தனியாக எழுத எதுவுமில்லை. நின்று வாசித்துவிட்டு நடக்கலாம். கலங்கரை விளக்கம்வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். மேலே ஏற லிஃப்ட் இருக்கிறது, ஆனால் விடிகாலையில் திறந்திருக்காது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். எட்டு மணிக்குள் கடற்கரையை விட்டுவிட வேண்டும்.

அடுத்தது எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, வெளியூரிலிருந்து வந்து வாசலோடு திரும்பிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1851இல் தொடங்கிய இந்த வளாகத்தில் முழு நாளும் செலவிடலாம். அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். எல்லாவற்றையும் பார்த்தவருக்கு எதுவும் நினைவில் நிற்காது. மூன்று பொருள்களை மட்டும் தேடிப் போங்கள்.

முதலாவது, ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பங்களில் ஒரு வட்டப் பலகை. மதம் பிடித்த நளகிரி யானையைப் புத்தர் அடக்கிய கதை. ஒரே வட்டத்துக்குள் இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் யானை ஓர் ஆளைத் துதிக்கையில் சுழற்றுகிறது, கூட்டம் சிதறுகிறது. மறுபக்கம் அதே யானை மண்டியிடுகிறது. மாடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். யானையின் உடம்பை அறிந்தவன் செதுக்கியது அது.

இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரி. வெண்கலப் படிமங்கள் இருக்கும் கூடத்தில், பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலத்தது. வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கைகள், இடப்பக்கம் உமைக்கு ஒரு கை. ஆக மூன்று. இந்தக் கணக்கை யாராவது சொல்லும்வரை கண் அதைக் கவனிக்காது. அவ்வளவு இயல்பாக இருக்கிறது. வலப்பக்க ஆடை தொடையோடு நிற்கிறது, இடப்பக்க ஆடை கணுக்கால்வரை இறங்குகிறது. சாய்ந்து நிற்கும் இடுப்பில் ஆண் எங்கே முடிகிறான், பெண் எங்கே தொடங்குகிறாள் என்று கோடு தேடிப் பாருங்கள். கிடைக்காது. முன்னால் நின்று பார்த்த பிறகு வலப்பக்கமாக ஒரு முறை, இடப்பக்கமாக ஒரு முறை நகர்ந்து பாருங்கள். இரண்டு வேறு சிலைகள்.

மூன்றாவது, திருவாலங்காட்டு நடராசர். பிரெஞ்சுச் சிற்பி ரொதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் புகைப்படங்களில் பார்த்தே உருகிக் கட்டுரை எழுதினார். நமக்கு அது ஒரு டிக்கெட் தூரத்தில் இருக்கிறது. சில கூடங்கள் சீரமைப்புக்காக அவ்வப்போது மூடப்படும் என்பதால் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு போனால் திமிங்கல எலும்புக்கூட்டையும் காட்டிவிடுங்கள். அவர்கள் வேறெதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

காட்டுயிர் என்று கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? சென்னையின் உயிரியல் பூங்கா பிறந்ததே இந்த அருங்காட்சியக வளாகத்தில்தான். அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபோர் 1855இல் இங்கே விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். பிறகு அவை ரிப்பன் மாளிகைப் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூரில் குடியேறின. பழைய சென்னைக்காரர்கள் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் விலங்குக் காட்சியை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். வெயில் தாழ்ந்தால் எழும்பூரிலிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சாலை வழியாக, 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரியைத் தாண்டி, ரிப்பன் மாளிகைவரை நடக்கலாம். அந்த நடையைக் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். நடைபாதைகள் அங்கங்கே காணாமல் போகும்.

கிண்டிக்கு ஒரு காலை கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். நகரத்தின் நடுவே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. பழைய ஆளுநர் மாளிகைத் தோட்டத்திலிருந்து பிரிந்த காடு. உட்பகுதிக்குப் பொதுமக்கள் நினைத்தபடி போக முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். நாம் நடக்கக்கூடியது சிறுவர் பூங்காவும் அதை ஒட்டிய பாம்புப் பண்ணையும். பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1972இல் கிண்டியில் தொடங்கிய பண்ணை இது. பாம்பென்றால் அடித்துக் கொல்ல வேண்டும் என்று வளர்ந்த தலைமுறைகளை அது கொஞ்சமாவது மாற்றியிருக்கிறது என்று நம்புகிறேன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்து வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வாழ்கிற ஒவ்வொருவருக்கும் தேவையான அறிவு அது.

அங்கிருந்து சர்தார் பட்டேல் சாலையில் காந்தி மண்டபம், அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி என்று மத்திய கைலாஷ்வரை மர நிழலில் நடக்கலாம். வேலிக்கு அப்பால் புள்ளிமான்கள் மேய்வதைச் சில நாள் பார்க்கலாம். வெளிமானுக்கு அதிர்ஷ்டம் வேண்டும். அது புல்வெளியின் உயிர். புதர் மண்டியதால் அதற்கு இடம் குறுகிக்கொண்டே வருகிறது. ஒரு பெருநகரத்துக்குள் முறுக்குக் கொம்புடன் வெளிமான் திரிகிறது என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

அடையாறு பக்கம் சாயங்காலத்துக்கு. பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் அடிமரம் 1989இல் புயலில் சாய்ந்தது. விழுதுகள் மரத்தைத் தாங்கி நிற்கின்றன. நுழைவு நேரம் மிகக் குறைவு, ஞாயிறு கிடையாது, போகுமுன் விசாரியுங்கள். பிறகு பெசன்ட் நகர்க் கடற்கரையிலிருந்து மணலோடு வடக்கே நடந்தால், ஷ்மிட் நினைவுச் சின்னத்தைத் தாண்டி, ஊரூர்க் குப்பம் வழியாக அடையாற்று முகத்துவாரம். 1967இல் கட்டி 1977இல் உடைந்த பாலம் அங்கே நடு ஆற்றில் நிற்கிறது. தை, மாசியில் வற்றுநீரின்போது சேற்றுத் திட்டுகளில் உள்ளான்கள், உப்புக்கொத்திகள், ஆலாக்கள் போன்ற பறவைகள் இறங்கும். பைனாகுலர் இருந்தால் நல்லது. மீனவர் குடியிருப்பு வழியாகப் போகிறோம் என்பதை மறக்காதீர்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

சுவரோவியங்களைப் பலரும் கேட்கிறார்கள். 2020இல் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. பார்க்க வேண்டியவைதான். ஆனால் நதிக்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களின் ஊர் அது. அண்ணாந்து சுவரைப் பாருங்கள். திறந்திருக்கும் வாசல்களுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். அங்கேயே ஒரு கடையில் டீ குடித்து நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

இப்போது என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான நடை. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் கல்லூரி மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, பருவம் முழுக்க இரவுதோறும் கரையில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏழு கிலோமீட்டர் மணல். நடுநிசியை ஒட்டிக் கிளம்பி விடிவதற்குள் முடியும். விளக்கு கூடாது. கையில் டார்ச்சோடு வந்த ஒருவரிடம், மகன் வயதுள்ள மாணவர் ஒருவர் "சார், தயவுசெய்து அணைத்துவிடுங்கள், வெளிச்சம் பட்டால் ஆமை ஏறாமலே திரும்பிவிடும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கண் பழகிய பிறகு இருட்டு அவ்வளவு இருட்டாக இல்லை.

தேடுவது ஆமையை அல்ல, தடத்தை. கடலிலிருந்து ஏறும் ஒரு கோடு, கடலுக்கு இறங்கும் இன்னொரு கோடு, துடுப்புகள் மாறி மாறி ஊன்றிய குழிவுகள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். மாணவர்கள் ஒரு குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் குச்சி நிற்கும். கூட்டின் மேல் சட்டென்று இறங்கும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில் முட்டைகள், நூறுக்கு மேல், பிங்பாங் பந்து அளவில், தொட்டால் குழையும் தோல்போன்ற ஓட்டுடன். அவற்றைப் பையில் எடுத்து, காப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைப்பார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் குஞ்சு பொரியும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

ஏன் இடம் மாற்ற வேண்டும்? கரையிலேயே விட்டால் நாய் தோண்டும். தப்பிப் பொரித்த குஞ்சுகளும் கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கை நோக்கி ஊரும். இருண்ட கரையில் வெளிச்சமான பக்கம் கடல் என்பதுதான் அவற்றுக்குப் பிறவியிலேயே தெரிந்தது. நாம் அதை மாற்றிவிட்டோம்.

உயிருள்ள ஆமையைப் பார்ப்பீர்கள் என்று உறுதி சொல்ல முடியாது. செத்த ஆமையைப் பார்க்க நேரலாம், மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகின்றன. ஆமை தப்பிச் செல்லும் சாதனத்தை வலையில் பொருத்த முடியும். கரையோரத்தில் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று விதியும் இருக்கிறது. இரண்டும் நடைமுறைக்கு வர மக்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மணலில் ஒரு தடவை நடந்தவர் கேட்பார்.

இரவு நடக்க முடியாதவர்கள், குழந்தைகள், முதியவர்கள், மார்ச், ஏப்ரல் மாதங்களில் சாயங்காலம் ஆறு மணியளவில் பெசன்ட் நகர் காப்பகத்துக்குப் போகலாம். அன்று பொரித்த குஞ்சுகள் இருந்தால் எல்லோர் முன்னாலும் கடலில் விடுவார்கள். அவர்கள் போடும் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள்.

எனவே வருவதாக இருந்தால் பிப்ரவரி பிற்பாதியில் வாருங்கள்: வெயில் ஏறியிருக்காது, முகத்துவாரத்தில் பறவை இருக்கும், ஆமைப் பருவமும் நடக்கும். சனிக்கிழமை வந்து சேர்ந்தால், பகலில் அருங்காட்சியகம், இரவில் ஆமை நடை. ஞாயிறு காலை தூங்கிவிட்டு மாலையில் முகத்துவாரம். திங்கள் விடிகாலை மெரினா. கிண்டிக்குப் புதன்வரை தங்க வேண்டியதில்லை, திங்களன்றே மெரினாவிலிருந்து பஸ் பிடித்துப் போய்விடலாம். ஆலமரத்தை அதே நாளில் சேர்க்க முடிந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மணலுக்குச் செருப்பைவிட வெறுங்கால் நல்லது. தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.