பணம் கட்டினால் செவ்வாய்ப் பள்ளத்துக்கு மகள் பெயரை வைக்கலாமா?

கேள்வி: செவ்வாய் கிரகத்தில் விண்கல் மோதி உண்டான ஒரு பள்ளத்துக்கு என் மகளின் பெயரை வைத்துத் தருவதாக ஓர் இணையதளம் சொல்கிறது. சான்றிதழும் வரைபடமும் அனுப்புவார்களாம். பிறந்தநாள் பரிசாக வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கோள்களின் பள்ளங்களுக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டுவது சர்வதேச வானியல் ஒன்றியம் மட்டுமே. அது பெயர்களை விற்பதில்லை, விற்கும் உரிமையை யாருக்கும் கொடுக்கவுமில்லை.

இவர்கள் அனுப்பும் வரைபடம்தான் ஆளை ஏமாற்றுவது. அதில் பள்ளம் நிஜம். அட்சரேகை, தீர்க்கரேகைகூடச் சரியாக இருக்கலாம். விண்கலங்கள் எடுத்த படங்கள் எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. பெயர் மட்டும் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணினியோடு நின்றுவிடும். அதே பள்ளத்தை இன்னொருவர் வேறொரு பெயரில் விற்றாலும் கேட்க நாதியில்லை. "பதிவு செய்யப்பட்டது" என்று போட்டிருந்தால், யாருடைய பதிவேட்டில் என்று கேளுங்கள்.

செவ்வாயில் பெரிய பள்ளங்களுக்கு மறைந்த அறிஞர்களின் பெயரும், சுமார் 50 கிலோமீட்டருக்குட்பட்டவற்றுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவானோர் வாழும் ஊர்களின் பெயரும் வைக்கிறார்கள். 2024-இல் 65 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம் இந்திய விஞ்ஞானி தேவேந்திர லாலின் பெயரைப் பெற்றது. அதன் விளிம்புகளில் உள்ள இரு சிறு பள்ளங்களுக்கு முர்சான், ஹில்சா என்ற வட இந்திய ஊர்களின் பெயர்கள். அந்தப் பள்ளங்களை ஆய்வு செய்தவர்கள் முன்மொழிந்தார்கள், ஒன்றியம் ஏற்றது. அவ்வளவுதான்.

"வெள்ளி கிரகத்தில் சாதாரணப் பெண் பெயர்கள் இருக்கின்றனவே?" என்று தரகர்கள் மடக்குவார்கள். உண்மைதான். அங்கே 20 கிலோமீட்டருக்குக் குறைவான பள்ளங்களுக்குப் பல மொழிகளில் புழங்கும் பெண் பெயர்களைச் சூட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பெயர் குறிப்பிட்ட எந்தப் பெண்ணையும் சுட்டாது. உங்கள் மகளின் பெயர் அங்கே இருந்தாலும் அது அவளுக்காக வைத்ததல்ல. இதற்கும் கட்டணம் கிடையாது. அதைக் காட்டிச் செவ்வாயை விற்கவும் முடியாது.

ஒன்றியத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. விற்பனை செல்லாது என்று அறிக்கை விடுவதோடு சரி. அந்த அறிக்கை பரிசு தேடும் பெற்றோர் கண்ணில் படவா போகிறது? விளம்பரம்தான் முதலில் படுகிறது.

அதிகாரபூர்வப் பட்டியலை ஒன்றியத்துக்காக அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இணையத்தில் பராமரிக்கிறது. விற்பவர் ஏற்கெனவே "பதிவான" பெயர் ஒன்றைக் காட்டினால், அதை அங்கே ஆங்கில எழுத்தில் தேடுங்கள். உண்மையான பெயர் என்றால் பள்ளத்தின் விட்டமும் ஒப்புதல் பெற்ற தேதியும் வரும். பணம் ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், அந்தத் தேடல் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.