கார்டில் 42,000 பாக்கி இருக்கும்போது எந்த ப்ராசசர் வாங்குவது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கிராமம், வயது 26. வீட்டிலிருந்தே வேலை, கைக்கு 32,000 வருகிறது. வீட்டுக்கு 15,000, சீட்டுக்கு 3,000 போகும். அக்கா கல்யாணத்தில் கிரெடிட் கார்டில் போட்டதில் 42,000 பாக்கி. மாதம் 2,100 கட்டி வருகிறேன், பச்சைத் தேயிலை விற்ற இலைப் பணம் மொத்தமாக வந்ததும் முடித்துவிடுவேன். கேமிங் கம்ப்யூட்டர் காலேஜ் காலத்து ஆசை. கோவையில் இருக்கும் பெரியம்மா மகன் அண்ணன், ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசசர் போட்டு 1,65,000-க்குக் கொட்டேஷன் வாங்கித் தந்திருக்கிறார். பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை என்கிறார். கார்டு லிமிட்டை இரண்டரை லட்சமாக ஏற்றிவிட்டார்கள், 18 மாத நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை, கிடைக்கும். மானிட்டர் பழைய 75 ஹெர்ட்ஸே இருக்கட்டும். விளையாடுவது வேலரண்ட், ஜிடிஏ 5. இந்த ப்ராசசரையே எடுக்கலாமா?

பதில்: ப்ராசசருக்கு வருகிறேன், அதற்கு முன் அந்த 2,100-ஐப் பார்ப்போம். அது மினிமம் டியூ, பேங்க் கேட்கும் குறைந்தபட்சத் தொகை. மாதம் 3.5 சதவீத வட்டி என்று வையுங்கள், 42,000-க்கு 1,470 ஆகிறது, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 265. ஆக நீங்கள் கட்டுவதில் 1,735 வட்டிக்கே போய், அசலில் குறைவது 365 ரூபாய்தான். இத்தனை நாளாகக் கட்டியும் பாக்கி அசையவே இல்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும், காரணம் இதுதான்.

இலைப் பணம் வரும் என்கிறீர்கள். பச்சைத் தேயிலை விலை ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் இருப்பதில்லை, உறைபனி விழுந்தால் இலையே குறைந்துவிடும், இது என்னைவிட உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். விலை நிச்சயமில்லாத வருமானத்தை நம்பி, மாதம் தவறாமல் ஏறும் வட்டியைத் தள்ளிப்போடும் இந்தப் பழக்கம்தான் உங்களைக் கெடுக்கிறது, கம்ப்யூட்டர் ஆசை இல்லை.

இதன்மேல் இஎம்ஐ போட்டால் மாதம் 9,170 வரும். வீட்டுக்கும் சீட்டுக்கும் இந்த 2,100-க்கும் போக மிஞ்சுகிற 11,900-ல் 2,700 சொச்சம்தான் நிற்கும். அந்தத் தவணை முழுக்க மினிமம் டியூவில் போய்ச் சேரும், ஒரு மாதம் குறைத்துக் கட்டினால் அதற்கும் வட்டி. பாக்கி உள்ள கார்டில் சாதாரணமாக எதைத் தேய்த்தாலும் 45 நாள் சலுகையும் கிடையாது, முதல் நாளே வட்டி ஓடும். நோ காஸ்ட் என்ற பேரில் எனக்கு நம்பிக்கை இல்லை. வட்டியைத் தள்ளுபடியாகத் தந்தாலும் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான், வட்டி 20,000 என்றால் வரி 3,600, அப்புறம் ப்ராசசிங் ஃபீஸ். ரொக்கத்துக்குக் கடைக்காரர் குறைக்கும் விலையும் போச்சு.

சரி, ப்ராசசர். 9800எக்ஸ்3டி அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 75 பிரேம்தான் காட்டும், வேலரண்ட் ரைசன் 5 7600 என்ற மலிவான ப்ராசசரிலேயே 200-ஐத் தாண்டி ஓடும். மிச்ச பிரேமை எந்தக் கண்ணால் பார்க்கப்போகிறீர்கள்? கொட்டேஷனை மறுபடி பாருங்கள், ப்ராசசர் 45,000, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 வெறும் 30,000. பெரிய கேம்களில் முதலில் மூச்சுத் திணறுவது கார்டுதான். ப்ராசசர் மட்டும் தனியாக வருவதுமில்லை, 28,000 ரூபாய் மதர்போர்டையும் 10,000 ரூபாய் லிக்விட் கூலரையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

7600 போட்டால் ப்ராசசரில் 28,000, பி650 போர்டில் 15,000 மிச்சம். கூலர் ப்ராசசர் பெட்டியிலேயே வரும், கோத்தகிரிக் குளிரில் அது தாராளம். மொத்தம் 53,000 குறைந்து 1,12,000-க்கு வந்துவிடுகிறது. கூலர் காசில் பாதிக்கு ஒரு யூபிஎஸ் வாங்குங்கள், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகிற ஊரில் அது அவசியம்.

பத்து வருஷக் கணக்கில் அண்ணன் கவனிக்க வேண்டியது போர்டைத்தான். 2017-ல் ஏஎம்4 (ப்ராசசர் உட்காரும் சாக்கெட் வகை) போர்டு வாங்கியவர்கள் பலர் 2022-ல் பயோஸ் (போர்டின் உள் மென்பொருள்) அப்டேட் செய்து அதே போர்டில் அப்போது புதிதாக வந்த 5800எக்ஸ்3டி ப்ராசசரைப் போட்டார்கள். 7600 உட்காரும் ஏஎம்5 போர்டிலும் அதே வழி இருக்கிறது: நாலு வருஷம் கழித்து எக்ஸ்3டி ஒன்று பழையதாக மலிவாகக் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இனி மாதம் 14,000 கார்டுக்கே கட்டுங்கள். நாலாவது மாதம் பாக்கி தீர்ந்து கையில் 10,000 மிஞ்சும். அப்புறம் அதே 14,000-ஐச் சேர்த்தால் அடுத்த எட்டு மாதத்துக்குள் கம்ப்யூட்டர் ரொக்கத்தில் வீட்டுக்கு வந்துவிடும். பொறுக்க முடியாவிட்டால் கிராபிக்ஸ் கார்டை மட்டும் கடைசியில் வாங்குங்கள். 7600-க்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால் ஆபீஸ் வேலைக்கு மெஷின் ஓடும், பாக்கி தீர்ந்த ஆறு மாதத்திலேயே வேலையை அதற்கு மாற்றிவிடலாம்.

அண்ணன் மனசு நோகும் என்று தயங்க வேண்டாம், ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேட்டுப் புதுக் கொட்டேஷன் வாங்கித் தரச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் செய்வார். லிமிட்டைப் பழைய அளவுக்கே குறைக்க பேங்க் ஆப்பில் இன்றைக்கே கோரிக்கை போடுங்கள். முதல் 14,000-ஐச் சம்பளம் ஏறிய அன்றே கட்டுங்கள், இலைப் பணம் வந்தால் அதையும் அதிலேயே போடுங்கள்.