குட்டிக் குதிரையின் மூக்கில் மரு
வாசகர் கேள்வி – கால்நடை பதில்

கேள்வி: ஒன்றரை வயதுக் குட்டிக்கு மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் சாம்பல் நிறத்தில் மிளகளவு மரு முப்பதுக்கு மேல் முளைத்திருக்கிறது. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்தால் உதிரும் என்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகும். அது மருவோடு நிற்காது. பக்கத்துத் தோலையும் அரிக்கும். குட்டி நக்கினால் நாக்கும் வெந்துபோகும்.

1 முதல் 3 வயதுக்குள், மூக்கிலும் உதட்டிலும் கூட்டமாக வந்தால் பெரும்பாலும் அது பாப்பிலோமா வைரஸ் மரு. முழுத் தோலில் இந்த வைரஸ் நுழையாது, கீறல் வேண்டும். நம் பக்கம் அதற்குச் சீமைக்கருவேல முள் ஒன்றே போதும். காய்க்கு ஆசைப்பட்டுக் குட்டி வாயை விடும், உதடு கிழியும். கீறல் பட்டு ஏறக்குறைய 2 மாதம் கழித்துத்தான் மரு கண்ணுக்குத் தெரியும் என்பதால், போன வாரம் லாயத்துக்கு வந்த குதிரைமேல் பழி போடாதீர்கள்.

உடம்பு எதிர்ப்புச் சக்தி பிடித்ததும் மரு தானே உதிர்ந்துவிடும். பெரும்பாலும் 3, 4 மாதம். சில குட்டிகளுக்கு 9 மாதம் வரை இழுக்கும். மூன்றாம் மாதம் எதைத் தடவியிருந்தாலும் நல்ல பெயர் அதற்குத்தான் போகும்.

அதுவரை செய்ய வேண்டியது, புண்ணாகாமல் பார்ப்பது. உதட்டோரம் மரு இருந்தால் கடிவாளம் போடாதீர்கள். கொள்ளை நன்றாக ஊறவைத்து, முள்ளும் சுள்ளியும் இல்லாத புல்லோடு கொடுங்கள். கடலில் குளிப்பாட்டினால் மரு போகாது. உப்பு காய்ந்து உதடு வெடிக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். ரத்தம் கசிந்தால், பொவிடோன் அயோடினைப் பால் விடாத தேநீர் நிறத்துக்கு நீர்த்து, பஞ்சில் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. சாணத்தைத் தினமும் அள்ளினால் ஈ குறையும்.

வாளி, பிரஷ், தலைக்கயிறு மூன்றும் அந்தக் குட்டிக்குத் தனி. வாளியை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். அழுக்கோடு ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும்.

மூக்குத் துளை அடைத்து மூச்சு சீறினாலோ, 9 மாதம் தாண்டியும் உதிராவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்டியோ உறையவைத்தோ எடுப்பார். இரண்டு மூன்றை நசுக்கிவிட்டால் மற்றவை தானே போகும் என்பதற்குச் சரியான நிரூபணம் இல்லை.

கேள்வி: மரு வந்த குதிரைக் குட்டியைப் பிள்ளைகள் தொட்டு விளையாடுகிறார்கள். ஒட்டிக்கொள்ளுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: ஒட்டாது. நமக்கு மரு வந்தால் குதிரை வால்முடியைக் கட்டுகிறோம். குதிரையின் மருவோ குதிரையோடு சரி, ஆட்டுக்கும் வராது. பக்கத்துக் குதிரைக் குட்டிக்கு வரும். ஆனால் வட்ட வட்டமாக முடி கொட்டிப் பொருக்குத் தட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும்.

கேள்வி: 5 வயது வண்டிக் குதிரைக்கு உள்தொடையில் ஒரே ஒரு கட்டி. நூல் கட்டி அறுத்தோம். முன்பைவிடப் பெரிதாக வந்துவிட்டது.
– வாசகர், தொண்டி

பதில்: இது குட்டிகளுக்கு வரும் மரு மாதிரித் தெரியவில்லை, சார்காய்டு என்ற தோல் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். மாட்டுப் பாப்பிலோமா வைரஸோடு தொடர்புள்ளது. உயிர் உறுப்புகளுக்குப் பரவாது என்றாலும், அரைகுறையாக அறுத்தால் வேகம் பிடிக்கும். இனி கத்தியோ நூலோ வேண்டாம். ஈ மொய்க்காமல் பார்த்து, மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

புண்ணுக்குள் மஞ்சள் குறுணை தெரிந்தால் கதை வேறு. ஈ கொண்டுவந்து விடும் வயிற்றுப் புழுவின் இளம்புழு அது. அதற்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 200 கிலோ குதிரைக்கு 40 மில்லிகிராம். குதிரைக்கான பசையை வாய்வழி மட்டும் கொடுக்க வேண்டும். மாட்டுக்கு வாங்கி வைத்த ஊசி மருந்தைக் குதிரைக்குப் போடாதீர்கள். போட்ட இடத்துத் தசை வீங்கி அழுகிய குதிரைகள் உண்டு.