மருந்துக் கடை நெருக்கடிக்கு அளவுகோல் உண்டா?

கேள்வி: டி.பார்ம் முடித்து ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து நின்றேதான் வேலை. ராத்திரி படுத்தால், மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. மன அழுத்தத்தை அளக்கிறேன் என்று ஃபார்மசி கல்லூரி மாணவி ஒருத்தி பத்துக் கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தாள். 27 வந்தது. முதலாளியோ, "எல்லாம் மனசுதாம்மா" என்கிறார். இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டா சார்?
- வாசகி, ஆண்டிபட்டி

பதில்: உண்டும்மா. அது அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983-இல் வெளியிட்ட அளவுகோலின் சுருக்கமாக இருக்கும். மொத்தம் 40-க்கு 27 என்பது லேசானதில்லை. ஆனால் இத்தனைக்கு மேல் நோய் என்று அதில் கோடு எதுவும் கிடையாது. தவிர, போன மாதம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்கும் தாள் அது. ஏன் அப்படி இருந்தது என்று கேட்காது.

ஏன் என்பதற்கு, வேலையிட அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் சொன்னதுதான் நம் கவுன்டருக்குப் பொருந்துகிறது. வேலைப் பளு கூடி, அந்த வேலையில் நம் சொல்லுக்கு இடம் குறைந்தால் ஆள் நொறுங்கிப்போவார். பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் வருஷத்து ஃபார்மசி சட்டம். ஹெச்1 மருந்து (சில ஆன்டிபயாட்டிக்குகள் போல, டாக்டர் சீட்டோடு கூடுதல் கட்டுப்பாடும் உள்ள பட்டியல்) என்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எதிரே ஒருவர், "போன வாரம் குடுத்தீங்களே, அதே ஆன்டிபயாட்டிக்" என்று சீட்டில்லாமல் நிற்பார். கல்லாவிலிருந்து, "குடுத்து அனுப்பும்மா" என்று குரல் வரும். பொறுப்பு உங்களுடையது, முடிவு இன்னொருவருடையது. நானும் கவுன்டரில் நின்றவன்தான். மூச்சுப் பயிற்சியில் தீர்கிற பாரமில்லை இது.

அதனால் கடையையும் அளந்து பாருங்கள். சீட்டைச் சரிபார்க்கும்போது யாராவது குறுக்கே கூப்பிட்டால் நோட்டில் ஒரு கோடு. சீட்டில்லாமல் கொடுக்கச் சொன்னால் இன்னொரு கோடு. சாப்பிட்ட நேரம், உட்கார்ந்த நேரம். இரண்டு வாரம் குறித்து முதலாளியிடம் காட்டுங்கள். கோபமாக இல்லை, கணக்காக. குறுக்கே கூப்பிடுவது குறைந்தால் மாத்திரை மாறும் அபாயமும் குறையலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். நாற்காலியைத் தயங்காமல் கேளுங்கள்: கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது.

தூக்கம் கெடுவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவிக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம்.