வாசகர் கேள்வி பதில்: சேற்றுப் பாதையும் சைக்கிளோட்டியின் முகமும்

சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் எழுதியவை கூடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை முகத்தில் தெறிக்கும் சேற்றைப் பற்றியவை என்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறோம்.

கேள்வி: நான் வார இறுதிகளில் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் சைக்கிள் ஓட்டுகிறேன். மழை பெய்த மறுநாள் சென்றால் கண்ணிலும் வாயிலும் சேறு தெறிக்கிறது. இருக்கைக்குக் கீழே மட்கார்ட் பொருத்தியும் பயனில்லை. கடையில் முன்சக்கரத்துக்கென்று சிறிய தகடு ஒன்றையும், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள நீண்ட தகடு ஒன்றையும் காட்டினார்கள். எதை வாங்கலாம்? இந்தச் சேறு எங்கிருந்துதான் வருகிறது?
(வாசகர், புக்கிட் பாஞ்சாங்)

பதில்: இருக்கைக்குக் கீழே பொருத்தும் தகடு உங்கள் முதுகையும் கால்சட்டையையும் காப்பதற்கானது, முகத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. தனியாக ஓட்டும்போது முகத்தில் படும் சேறு ஏறக்குறைய முழுவதும் முன்சக்கரத்திலிருந்து வருவது.

தரையைத் தொடும் இடத்தில் டயரில் ஒட்டிக்கொள்ளும் சேறு, சக்கரத்தின் பின்பக்கமாக மேலேறி, உச்சியைக் கடந்து, முன்பக்கமாக இறங்குகிறது. வழியில் எந்த இடத்தில் பிடி விடுகிறதோ, அந்த இடத்தில் டயர் நகரும் திசையிலேயே அது பறக்கும். அச்சின் உயரத்தில், பின்விளிம்பில் பிரியும் சேற்றுக்குச் சைக்கிளின் முன்னோக்கிய வேகமும் அதே அளவு மேல்நோக்கிய வேகமும் சேர்ந்திருப்பதால், ஓட்டுபவரின் கண்ணுக்கு அது செங்குத்தாக எழுவதுபோல் தெரியும். அதற்கும் மேலே, உச்சியை நெருங்கும்போது பிரிவது சைக்கிளை முந்திக்கொண்டு பாய்கிறது. அப்படிப் பாய்ந்தது காற்றின் தடையால் வேகம் இழந்து விழத் தொடங்கும் நேரத்தில், நீங்கள் வேகம் குறையாமல் வந்து அதற்கு முகத்தைக் கொடுக்கிறீர்கள். எதிரிலிருந்து யாரோ வீசியதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

வேகத்தின் பங்கைச் சிறு கணக்கில் பார்க்கலாம். 29 அங்குலச் சக்கரத்தின் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், அந்த உயரத்தில் பிரிந்து செங்குத்தாக எழும் சேறு, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் வரையும், 15 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 1.25 மீட்டர் வரையும், 20 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 1.9 மீட்டர் வரையும் எழும். வேகம் இரு மடங்கானால், பிரிந்த இடத்திலிருந்து எழும் உயரம் நான்கு மடங்காகும் என்பதால், மெதுவாகச் செல்லும்போது காலோடு நின்றுவிடும் சேறு, சரிவில் இறங்கத் தொடங்கியதும் ஒரேயடியாக முகத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே செலவே இல்லாத தீர்வு, சேறு தேங்கிய இடத்தில் வேகத்தைக் குறைப்பது. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதும் எமக்குத் தெரியும்.

இனி, வாங்கும் விஷயம். சிறிய தகடு, முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கிப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரு கால்களையும் இணைக்கும் வளைவில் கட்டப்பட்டு, சக்கரத்தின் உச்சியை மட்டும் மூடுகிறது. நேர்ப்பாதையில் இது போதும். பின்விளிம்பிலிருந்து எழும் சேற்றைச் சட்டத்தின் கீழ்க்குழாய் தடுத்துக்கொள்ளும். முன்னோக்கிப் பாய்வதைத் தகடு தடுக்கும். ஆனால் திருப்பங்களில் முன்சக்கரம் பக்கவாட்டில் திரும்பும்போது கீழ்க்குழாய் விலகிவிடுகிறது. அங்கேதான் சிறிய தகடு கைவிடுகிறது. செஸ்ட்நட் பாதையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. மழைக்காலத்திலும் தவறாமல் ஓட்டுபவராக இருந்தால், பின்பக்கம் அச்சின் உயரத்தை நெருங்கும் அளவு கீழிறங்கும் நீண்ட தகட்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. எப்போதாவது மட்டும் ஈரத்தில் ஓட்டுபவருக்குச் சிறியதே போதும். எதை வாங்கினாலும், ஃபோர்க் வளைவுக்கு முன்னாலும் தகடு சற்று நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும், முன்பக்கம் குட்டையான தகடு முகத்தை முழுமையாகக் காக்காது.

பொருத்தும்போது, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசையும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியில்தான் தகட்டைக் கட்ட வேண்டும். அசையாத மேற்பகுதியில் கட்டினால், ஃபோர்க் அமுங்கும்போது டயர் தகட்டில் மோதும். இறக்கத்தில் அது ஆபத்து. டயருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும். புக்கிட் தீமா, செஸ்ட்நட் பகுதிகளின் மண் கருங்கல் பாறை சிதைந்து உருவானது. களிமண் கலந்திருப்பதால் அது பசைபோல ஒட்டும். இடைவெளி குறைந்தால் சேறு அடைத்துக்கொண்டு சக்கரத்தையே இறுக்கிவிடும். தகட்டைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை படும் இடங்களில் ஒளிபுகும் ஒட்டுத்தாளை முதலில் ஒட்டிவிடுங்கள். இடையில் சிக்கும் மணல் துகள்கள் ஃபோர்க்கின் வண்ணப்பூச்சை மெல்ல மெல்ல அரித்துவிடும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கனமழைக்குப் பிறகு பாதை மூடப்பட்டிருக்கிறதா என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்திலும் நுழைவாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையிலும் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். மூடப்படாவிட்டாலும், மரநிழலில் உள்ள பாதை வெயிலில் கிடக்கும் பாதையைப்போல விரைவில் உலராது. குட்டையைத் தவிர்க்க ஓரமாகச் சுற்றிச் செல்பவர்களால் பாதை அகன்று, செடிகள் அழிந்து, அடுத்த மழையில் இன்னும் பெரிய குட்டை உருவாகிறது. நடுவிலேயே மெதுவாகக் கடப்பதுதான் முறை.

கேள்வி: பழைய பிளாஸ்டிக் பொருள்களை வெட்டி மட்கார்ட் செய்துகொள்ள முடியுமா? கல்லூரி மாணவன் என்பதால் செலவு செய்யத் தயக்கமாக இருக்கிறது.
(வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: தாராளமாக முடியும். கடையில் விற்கும் சிறிய தகடும் வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் தாள்தான். பாடத்தாள்கள் வைக்கும் ஏ4 அளவுப் பிளாஸ்டிக் கோப்புறையின் அட்டை இதற்கு மிகவும் ஏற்றது, வளைத்தாலும் உடையாது. தண்ணீர்ப் போத்தலை வெட்டிச் செய்வது வேண்டாம். அது மெல்லியது, காற்றில் படபடக்கும், வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். முதலில் செய்தித்தாளில் வடிவத்தை வெட்டி ஃபோர்க்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அட்டையை வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்கிவிடுங்கள். கேபிள் டைக்கான துளைகளை விளிம்புக்கு மிக அருகில் போட்டால் கிழிந்துவிடும். பொருத்தியபின், பிரேக் குழாயில் எங்கும் உரசவில்லை என்பதையும், ஃபோர்க்கை முழுவதும் அழுத்தினாலும் டயர் தகட்டைத் தொடவில்லை என்பதையும் உறுதி செய்த பிறகே காட்டுப் பாதைக்குப் போக வேண்டும்.

கேள்வி: நான் பார்வைக் கண்ணாடி அணிபவன். சேற்றுக்குப் பயந்து அதன்மேல் பெரிய காப்புக் கண்ணாடி மாட்டினால் ஏற்றத்தில் ஆவி படிந்து ஒன்றும் தெரிவதில்லை. கான்டாக்ட் லென்ஸ் அணிந்து ஓட்டலாமா?
(வாசகர், ஈசூன்)

பதில்: முகத்தை ஒட்டி மூடும் காப்புக் கண்ணாடி, குளிர்நாடுகளிலும் நீண்ட இறக்கங்களிலும் பயன்படுவது. நம் ஊரின் ஈரப்பதத்தில், மூச்சு வாங்க ஏறும்போது அதில் ஆவி படியாமல் இருக்காது. உங்களுக்கு ஏற்றது, பக்கங்களில் காற்றுப் போகும் இடைவெளியுள்ள, நிறமற்ற விளையாட்டுக் கண்ணாடி. காட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் கறுப்புக் கண்ணாடி வேண்டாம். சேற்றைத் தடுத்துவிட்டு, வேரில் இடறி விழச் செய்யும். பார்வைக் குறைபாட்டுக்கான லென்ஸையே அத்தகைய சட்டத்தில் பொருத்தித் தரும் கடைகள் இருக்கின்றன.

கான்டாக்ட் லென்ஸ் அணிந்தால், அதற்கு மேல் கண்ணாடி கட்டாயம் வேண்டும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே சிக்கும் மண்துகள் கருவிழியைக் கீறும். அசுத்தமான நீரிலும் மண்ணிலும் வாழும் சில நுண்ணுயிர்கள் லென்ஸ் அணிபவர்களின் கண்ணில் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடியவை. ஒருநாள் மட்டும் பயன்படுத்தும் வகையை அணிந்து, வீடு திரும்பியதும் கையைச் சோப்பால் கழுவிய பிறகு கழற்றி எறிந்துவிடுவதே பாதுகாப்பு.

கண்ணாடியில் சேறு பட்டால் கையுறையால் துடைக்காதீர்கள். துடைத்தால் மண்துகள் கண்ணாடியைக் கீறும். சேறும் பரவி, இருந்த பார்வையும் போய்விடும். நின்று, போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுத் தொடருங்கள். தலைக்கவசத்தின் முன் நீட்டிய விளிம்பும் உதவும். சேற்றுப் பகுதியில் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் மேலிருந்து விழுவதை அது ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: புலாவ் உபினில் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் நண்பர்களோடு ஓட்டும்போது, முன்னால் செல்பவரின் சேறெல்லாம் என்மேல்தான் விழுகிறது. என் சைக்கிளில் முன் மட்கார்ட் இருக்கிறது.
(வாசகர், பாசிர் ரிஸ்)

பதில்: உங்கள் தகடு உங்கள் சக்கரத்துக்குத்தான் காவல். முன்னால் செல்பவரின் பின்சக்கரத்திலிருந்து எழும் சேறு முன்னோக்கிய வேகத்தில் ஒரு பங்கை இழந்து அந்தரத்தில் எழுந்து விழுகிறது. நீங்கள் அதற்குள் நுழைகிறீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் உயரமாக எழும் சேறுகூடத் தரைக்குத் திரும்ப ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதலாகத்தான் எடுக்கும். ஆகவே இரண்டு வினாடி இடைவெளி, அதாவது அந்த வேகத்தில் 11 மீட்டர், விட்டுச் சென்றால் சிக்கல் தீரும். அவர் திடீரென்று நிறுத்தினாலும் மோதாமல் இருக்கலாம். இடைவெளி விட மனமில்லாத நண்பர்கள் என்றால், நீங்களே முன்னால் செல்லுங்கள்.

கேள்வி: பதினாறு வயது மகனும் என் கணவரும் மழை நாள்களில் சைக்கிள் ஓட்டிவிட்டு, முகமெல்லாம் சேறாக வீடு திரும்புகிறார்கள். வாயிலும் மண் போய்விட்டது என்று மகன் சிரித்துக்கொண்டே சொல்கிறான். இதனால் நோய் வருமா? கணவருக்கு நீரிழிவு இருக்கிறது.
(வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: சகோதரி, உங்கள் கவலை நியாயமானது, சேற்றைத் தடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு அழகைவிட இதுதான் முதன்மையான காரணம். 2008 ஜூலையில் வேல்ஸின் பில்த் வெல்ஸ் வட்டாரத்தில் நடந்த மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பிறகு, பங்கேற்றவர்களில் 150க்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டனர். ஆட்டுச் சாணம் கலந்த சேறு வாய்க்குள் போனதும், அதிலிருந்த கேம்பிலோபாக்டர் கிருமியும் காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2007இல் நடந்த பந்தயமொன்றிலும் இதே கதைதான். நம் பாதைகளில் ஆடு மேயவில்லை என்றாலும் காட்டுப்பன்றியும் குரங்கும் எலியும் உலவுகின்றன. மழை அவற்றின் கழிவைப் பாதையில்தான் கரைக்கிறது.

இங்கு நினைவில் கொள்ள வேண்டியவை இன்னும் இரண்டு. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் உள்ள லெப்டோஸ்பைரா கிருமி, கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் தோலின் கீறல் வழியாகவும் உடலுக்குள் நுழையும். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை அதன் அறிகுறிகள். மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி சிங்கப்பூர் மண்ணிலேயே வாழ்வது. கனமழைக்குப் பிறகு அதன் தொற்று கூடுகிறது. நலமாக உள்ளவர்களுக்கு அது அரிது. நீரிழிவு உள்ளவர்களுக்கோ ஆபத்து பல மடங்கு. ஆகவே மகனைவிடக் கணவரைப் பற்றித்தான் நீங்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். காலில் புண்ணோ கீறலோ இருக்கும் நாளில் அவர் சேற்றில் ஓட்டவே கூடாது. மற்ற நாள்களிலும், பாதை உலர்ந்த பிறகு செல்வதே அவருக்கு நல்லது.

மகனுக்கு முன் மட்கார்டும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். வாயை மூடும்படி இழுத்துவிடக்கூடிய மெல்லிய கழுத்துத் துணியும் இருந்தால் நல்லது. பலரும் மறப்பது தண்ணீர்ப் போத்தல். அது மாட்டப்படும் கீழ்க்குழாய்தான் முன்சக்கரத்துச் சேறு வந்து மோதும் இடம். உறிஞ்சும் முனையில் படிந்த சேற்றோடு குடித்தால், முகத்தை மூடியும் பயனில்லை. முனைக்கு மூடியுள்ள போத்தல் வேண்டும், அல்லது முதுகுப்பையில் தண்ணீர் கொண்டு போகட்டும். வழியில் ரொட்டியோ பழமோ உண்பதற்கு முன் கையுறையைக் கழற்றிக் கையைக் கழுவ வேண்டும். கண்ணில் சேறு விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவ வேண்டும். உறுத்தல் மறுநாளும் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

லெப்டோஸ்பைரா தொற்றின் அறிகுறிகள் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் தெரியும். சிலருக்கு ஒரு மாதம் வரைகூட ஆகலாம். அதற்குள் சைக்கிள் ஓட்டியதே மறந்துபோயிருக்கும். நம் ஊரில் காய்ச்சல் என்றதும் டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த இடைவெளியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது இன்ன நாளில் இன்ன இடத்தில் சேற்றில் சைக்கிள் ஓட்டினோம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.